டி பிளாக்கில் பால் காய்ச்சிய அன்று

நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகம் ஈப்போவுக்கு வெளியே, முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலத்தில் நிற்கிறது. பால்மரங்களை வெட்டி வெகு காலம் ஆகிவிட்டது. விடுதிகளுக்குப் பின்னால், வேலியை ஒட்டி, சில மரங்கள் மட்டும் கேட்பாரில்லாமல் நிற்கின்றன. அவற்றுக்கும் பின்னால் சுண்ணாம்புக் குன்று. நான் அங்கே பராமரிப்புப் பிரிவில் உதவிப் பொறியாளர். பேர்தான் பொறியாளர், பாதி நாள் அடைத்துக்கொண்ட குழாய்க்கும் எரியாத விளக்குக்கும் பதில் சொல்வதிலேயே போய்விடும். மாணவர்களுக்கு என்னைக் கண்டால் கொஞ்சம் பயம் என்று கேள்வி. அந்தப் பயத்தை நான் கெடுத்துக்கொண்டதில்லை.

டி பிளாக் பெண்கள் விடுதியின் பழைய கட்டடம். மொட்டைமாடியில் தண்ணீர் தேங்கி, மேல்மாடி முழுவதும் ஒழுகத் தொடங்கியபோது அதைப் பூட்டினார்கள். பழுதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அரசாங்கக் கட்டடங்களைப் பொறுத்தவரை 'அப்புறம்' என்பது எவ்வளவு தூரம் நீளும் என்று எனக்குத் தெரியும். நாக்கோ என்னும் அடுக்குக் கண்ணாடி ஜன்னல்களில் மைனாக்கள் கூடு கட்டின. மரச்சட்டங்களைக் கரையான் தின்றது. நாங்கள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனோம்.

இதற்கிடையில் மாணவர்கள் கூடிக்கொண்டே போனார்கள், அறைகள் கூடவில்லை. பக்கத்துக் குடியிருப்பான தாமானில் வீட்டுக்காரர்களுக்கு நல்ல காலம். ஹாலைப் பலகை போட்டுத் தடுத்து, தடுத்ததை இன்னொரு முறை தடுத்து வாடகைக்கு விட்டார்கள். ஒரு நாள் காலை வாகன நிறுத்துமிடத்தில் கண்ணாடியெல்லாம் பனித்திருந்த ஒரு காரை எட்டிப் பார்த்தேன். உள்ளே இரண்டு மாணவிகள் இருக்கையைச் சாய்த்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு குவளையில் பல்துலக்கிகள் இரண்டு. கண்ணாடியைத் தட்டி எழுப்பித் திட்டத்தான் போனேன். தட்டாமல் வந்துவிட்டேன்.

இப்படிப் பல பேர் பல இடத்தில் பார்த்திருக்க வேண்டும். நீண்ட விடுமுறை தொடங்குவதற்குச் சற்று முன்னால் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. புதுக் கட்டடம் கட்டப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. டி பிளாக்கைச் சரிசெய்து அடுத்த படிப்புத் தவணைக்குத் திறந்தாக வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். பூட்டிக் கிடக்கும் கட்டடத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்துக்கு ஒரு வழி கிடைத்தது.

முதல் நாள், பழுதுவேலையை எடுத்திருந்த குத்தகைக்காரரோடு சுற்றிப் பார்க்கப் போனேன். அவர் ஈப்போக்காரச் சீனர், முதலாளி என்ற பொருளில் எல்லாரும் தவுக்கே என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். அறை அறையாகத் திறந்தோம். எங்கும் தூசி, எச்சம், சுவரில் பழைய மாணவிகள் ஒட்டிவிட்டுப் போன நடிகர்கள். கீழ்த்தளத்துக் கடைசி அறைக்கு வந்தபோது தவுக்கே நின்றுவிட்டார். மற்ற அறைகளின் பூட்டெல்லாம் வெளியே துருப்பிடித்துத் தொங்க, அந்தக் கதவு மட்டும் உள்ளேயிருந்து தாழிட்டிருந்தது.

பின்பக்கம் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அறை கூட்டித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. ஒரு பாய், சுவரோரமாக அடுக்கிய புத்தகங்கள், மூடி போட்ட வாளி, கயிற்றில் ஓர் உணவகத்தின் சீருடைச் சட்டை. ஜன்னல் விளிம்பில் சின்னத் திருநீற்று டப்பா. நாக்கோ கண்ணாடிகளில் கீழே இருந்த சிலவற்றைத் தொட்டுப் பார்த்தேன். சுலபமாகக் கையோடு வந்தன. உருவி எடுத்து உள்ளே போவதும், போன பிறகு மறுபடி சொருகி வைப்பதும் யாருக்கோ தினசரி வேலையாக இருந்திருக்கிறது.

தவுக்கேயை அனுப்பிவிட்டு நான் மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மதியம் அவள் வந்தாள். இரண்டாம் ஆண்டு மாணவி, ஒல்லி, தோளில் பை. என்னைப் பார்த்ததும் ஓடவில்லை, அழவில்லை. "எடுத்துக்கிட்டுப் போயிர்றேன் மேடம். ரிப்போட் மட்டும் பண்ணாதீங்க" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்னவோ சொன்னேன். மின்கம்பியெல்லாம் இற்றுப்போய்க் கிடக்கிறது, கூரைப் பூச்சு எந்த நேரமும் விழும், இந்தப் பக்கம் ஆள் நடமாட்டமே இல்லை, உனக்கு ஒன்று ஆகியிருந்தால் யாருக்குத் தெரியும் என்றெல்லாம். கடைசியாக, பாம்பு வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"வந்துச்சு மேடம். போயிருச்சு" என்றாள்.

அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊரையும் கதையையும் விசாரித்தேன்.

அவள் ஆயர் தாவார் என்ற ஊருக்கும் உள்ளே, செம்பனைத் தோட்டப் பக்கத்திலிருந்து வருகிறவள். முதல் ஆண்டு எல்லாருக்கும் விடுதி உண்டு. இரண்டாம் ஆண்டிலிருந்து புள்ளி. மன்றங்களில் சேர வேண்டும், விளையாட வேண்டும், ஏற்பாட்டுக் குழுவில் ஓட வேண்டும். அதற்கெல்லாம் புள்ளி போட்டு, புள்ளி உள்ளவர்களுக்கு அறை. இவளோ வகுப்பு முடிந்ததும் வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறப் போய்விடுவாள். மன்றத்துக்கு எங்கே போவது? சில மாதங்கள் ஊரிலிருந்தே பஸ்ஸில் வந்து போயிருக்கிறாள். பஸ் மாறி, பஸ் மாறி, காலை வகுப்புக்கு வரும்போது பாதி வகுப்பு முடிந்திருக்கும். படிப்பை விட்டுவிடலாம் என்று முடிவு செய்த வாரத்தில்தான் டி பிளாக்கின் பின்பக்கம் அவள் கண்ணில் பட்டிருக்கிறது.

நான் புகார் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும், அதுதான் விதி. எழுத மனசு வரவில்லை, அவ்வளவுதான். மாணவர்களுக்கு அறை கொடுப்பதற்காகத் தொடங்கிய வேலையில் நான் முதலில் செய்தது ஒரு மாணவியின் அறையைக் காலி செய்தது. என் வீட்டில் வந்து இருக்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் மேடம், அம்மா விடமாட்டாங்க என்றாள். கூட வேலை செய்யும் பெண்கள் தங்கியிருக்கும் கடைவீட்டு மாடியில் ஒரு மூலையில் படுத்துக்கொள்வதாகவும், அதுவும் விடுமுறை முடியும் வரைதான் என்றும் சொன்னாள். அங்கே ஏற்கெனவே ஆள் நெரிசல். தவணை தொடங்கும்போது டி பிளாக்கில் இடம் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் ஊர்.

வேலை தொடங்கியது. மொட்டைமாடியைச் சுரண்டி எடுத்துத் தண்ணீர் இறங்காதபடி புதுப் பூச்சுப் போட்டோம். தண்ணீர்த் தொட்டியில் மண்டி, சேறு, ஒரு பறவையின் எலும்பு, எல்லாவற்றையும் அள்ளினோம். இரும்புக் கட்டில்களைத் துரு தேய்த்து வர்ணம் அடித்தோம். மின்கம்பி முழுவதையும் உருவி எறிந்து புதிதாக இழுத்தோம். வாரத்துக்கு ஒருமுறையாவது அந்தப் பெண் வேலிப் பக்கம் வந்து நிற்பாள். நான் பார்த்துவிட்டால், எப்போ முடியும் மேடம் என்பாள். உன் பாம்பு சம்மதம் சொன்னதும் முடிந்துவிடும் என்பேன். சிரிப்பாள். சிரித்தாலும் கண் என்னவோ கட்டடத்தின் மேல்தான் இருக்கும்.

நான் மிகவும் பெருமைப்பட்டது புகை மணியில். அந்த வளாகத்தின் பழைய விடுதிகளில் தீ மணி என்பது சுவரில் மாட்டிய அலங்காரம். அதற்கு முந்தின ஆண்டு வேறொரு பிளாக்கில் ஒரு மாணவி அறைக்குள் சோறாக்கப் போய், மின் சொருகுமுனை தீப்பிடித்து, மெத்தை எரிந்து, அவள் கை வெந்து போனது. கருகிய அந்தச் சுவரை நான் போய்ப் பார்த்தேன். டி பிளாக்கில் ஒவ்வோர் அறையிலும் புகையை உணரும் கருவி இருக்க வேண்டும், மணி அடித்தால் தீயணைப்பு நிலையத்துக்கே தகவல் போக வேண்டும் என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். அறைக்குள் அடுப்புப் பற்றவைக்கும் மாணவிக்கு விடுதி கிடையாது என்ற விதியையும் ஆதரித்துப் பேசியவள் நான். இன்றைக்கும் அது சரியான விதி என்றுதான் நினைக்கிறேன்.

விடுதித் தலைவி ஒரு மலாய்ப் பேராசிரியை, நாங்கள் மரியாதையாகப் புவான் என்போம். இன்னும் சில கட்டிலுக்கு வழி உண்டா என்று அவர் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். மாடிக்கு மாடி, படிக்கட்டுக்குப் பக்கத்தில் முன்பு மாணவிகள் தண்ணீர் சுடவைக்கும் சின்னச் சமையற்கூடம் ஒன்று இருந்தது. அதைத் தடுத்து அறையாக்கினேன். கோணலான அறைகள், மூலையில் மேல்மாடிக் கழிப்பறையின் குழாய் இறங்கும், யாராவது தண்ணீர் ஊற்றினால் சலசலவென்று சத்தம் கேட்கும். புள்ளி நிறைய வைத்திருந்தவர்கள் யாரும் அவற்றைக் கேட்கவில்லை. மேல்முறையீடு செய்தவர்களுக்கு அவை போயின. அந்தப் பெண்ணுக்கு இரண்டாம் மாடியில் ஒன்று கிடைத்தது. நான் சிபாரிசு செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. யாரும் சொல்லவும் இல்லை. ஆனால் மேல்முறையீடு செய்யச் சொல்லி அவளை விரட்டியது நான்தான்.

தவணை தொடங்கும் நாள் காலையில் டி பிளாக் முன்னால் கல்யாண வீடு தோற்றுப்போகும் கூட்டம். கார் கார்களாகக் குடும்பங்கள் வந்திறங்கின. தலையணை, மின்விசிறி, வாளி, பெட்டி பெட்டியாக மெகி மீ. எதையும் சமைக்க முடியாது என்று தெரிந்தும் எதற்கு இத்தனை மெகி என்று நான் முணுமுணுத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் பஸ் நிலையத்திலிருந்து வாடகைக் காரில் வந்தார்கள். அம்மா பள்ளிக்கூடக் கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறவர். அன்றைக்குப் பட்டுச் சேலை கட்டியிருந்தார். அந்த வெயிலில், மூட்டை முடிச்சோடு, பட்டுச் சேலை.

மகள் என்னைக் காட்டி ஏதோ சொன்னதும் அவர் இரண்டு கையையும் கூப்பினார். நான் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸராக இருந்த யாழ்ப்பாணத்துக்காரரின் மகள். தொழிலாளர் லயத்திலிருந்து மருந்துக்கு வந்தவர்கள் என் அப்பாவுக்கு இப்படித்தான் கை கூப்புவார்கள். அப்போதும் எனக்கு அது கூச்சமாக இருக்கும். நான் அவசரமாக அவர் கையிலிருந்த பையை வாங்கப் போனேன். அவர் கொடுக்கவில்லை. அதை மட்டும் தானே தூக்கிக்கொள்வதாகச் சொல்லி மார்போடு அணைத்துக்கொண்டார்.

அறையைக் காட்டினேன். அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார். சுவரைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம் கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். ஜன்னலே கிழக்குதான், காலை வெயில் நேராக உள்ளே வரும் என்றேன். என் கட்டடத்தைப் பற்றி ஒருவர் அக்கறையாகக் கேட்கிறாரே என்று எனக்கு ஒரே குஷி. சூரியன் குன்றுக்கு எந்தப் பக்கத்திலிருந்து ஏறும் என்பது வரை விளக்கிச் சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். ஒரு தமிழ்த்தாய் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, பையை விடாமல் பிடித்துக்கொண்டு, புது அறையில் கிழக்கு எது என்று கேட்டால் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஈப்போவில் நான் வீடு வாங்கியபோது என் அம்மாவும் முதலில் கேட்ட கேள்வி அதுதான்.

கீழே வந்து தவுக்கேயோடு பேசிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. என் மணி, நான் போராடி வாங்கிய மணி, எல்லா மாடியிலும் ஒரே நேரத்தில் அலறியது. மாணவிகள் தலையணையோடும் கணினியோடும் படிக்கட்டில் இறங்கி ஓடினார்கள். அப்பாக்கள் கத்தினார்கள். நான் எதிர்த்திசையில் மேலே ஓடினேன்.

இரண்டாம் மாடியில் அந்தக் கதவு திறந்திருந்தது. தரையில் செய்தித்தாள் விரித்து, அதன் மேல் கையடக்க கேஸ் அடுப்பு. பக்கத்தில் ஒரு தட்டில் கற்பூரம் எரிந்து அணைந்து புகைந்துகொண்டிருந்தது. அம்மா ஜன்னலைப் பார்த்துக் குந்தியிருந்தார். சேலை முந்தானையால் பால் சட்டியைப் பிடித்திருந்தார். மகள் கூரையிலிருந்த கருவியை நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் பதறிப்போய், "மேடம், மணி அடிக்குதே, யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

எங்கேயோ தீப்பிடித்திருக்கிறது என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். தன் பால் சட்டிக்காகத்தான் அந்த மணி என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நான் அடுப்பை அணைத்தேன். பால் பொங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது; ஓரத்தில் நுரை கட்டியிருந்தது. கீழே தீயணைப்பு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பொம்பா வந்துவிட்டது என்று மாணவிகள் கூவினார்கள். மகளின் முகத்தில் ரத்தமே இல்லை. விதி அவளுக்கும் தெரியும். சேரும்போதே படித்துக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அம்மா சொல்லும்போது தடுக்கத்தான் பார்த்தாளாம். ஒரே நிமிஷம்தான் பாப்பா என்று அம்மா அடக்கிவிட்டார்.

அன்று மதியமே விசாரணை. புவானுடைய அறையில் நாங்கள் நான்கு பேர்: புவான், அந்தப் பெண், அவள் அம்மா, மலாய்க்கும் தமிழுக்கும் நடுவில் நான். அம்மாவுக்கு மலாய் ஓரளவு வரும். ஆனால் பயத்தில் அன்றைக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. மேசை மேல் அந்த அடுப்பு உட்கார்ந்திருந்தது.

புவான் கொடுமைக்காரர் இல்லை. அவர் குரலை உயர்த்தவே இல்லை. முதல் நாளே பொம்பா வந்ததை எல்லாப் பெற்றோரும் பார்த்துவிட்டார்கள் என்றார். இதை விட்டால் நாளைக்கு ஒவ்வோர் அறையிலும் ரைஸ் குக்கர் வரும், போன வருஷம் கை வெந்த பிள்ளையை நான்தான் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன் என்றார். விடுதியில் தங்குபவர் தீ மூட்டினால் அறை போகும். இந்த அறைக்காகக் காத்திருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர் சொன்ன எதையும் என்னால் மறுக்க முடியவில்லை. நான் பேசியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அந்தப் பெண் கைகளை மடியில் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள்.

எதற்காகப் பால் என்று புவான் கேட்டார். அதை நான் மொழிபெயர்த்தேன். அம்மா என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"புதுசா ஒரு எடத்துக்குப் போனா பால் காய்ச்சணும்ல மேடம். அவ அப்பா செத்ததும் தோட்டத்து வீட்ட விட்டுப் போவச் சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் இருந்ததெல்லாம் அடுத்தவங்க வீட்டுப் பின்கட்டு. அங்கல்லாம் நாம அடுப்பு வெச்சி பால் காய்ச்ச முடியுமா, சொல்லுங்க? இதுதான் எம்பொண்ணு பேரு போட்டுக் குடுத்த மொத எடம்."

கதவில் மாட்டியிருந்த பெயர் அட்டையைத்தான் சொன்னார். மாணவிகளின் பெயரை அச்சடித்துக் கதவில் ஒட்டும் வழக்கம் எல்லா விடுதியிலும் உண்டு. நாங்கள் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் அதை மலாயில் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் முடித்தேன். புவான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

துடைத்தாலும் விதி விதிதான். வெளியே பெற்றோர்கள் காத்திருந்தார்கள். என்ன செய்வதென்று அவர் என்னிடமே கேட்டார். அப்போது அந்த அம்மா எழுந்து நின்றார்.

"அவ ஒன்னும் செய்யல. பத்த வெச்சது நான். என்னை இனிமே உள்ள வராதேன்னு எழுதிக்கிடுங்க. நான் வரவே மாட்டேன். அவள மட்டும் இருக்க விடுங்க" என்றார்.

அந்தப் பெண் முதல் முறையாக அழுதாள். அம்மா உள்ளே வராத இடத்தில் தான் இருக்கப் போவதில்லை, படிப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றாள். அம்மா அவள் பக்கம் திரும்பாமலே, பேசாம இரு என்றார். அந்தக் குரலைக் கேட்டு அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

புவானுக்கு அது ஒரு வழியாகப் பட்டது. விதி தங்குபவரைப் பற்றியது. தீ மூட்டியவர் தங்குபவர் இல்லை, பார்க்க வந்தவர். ஒழுங்கை மீறும் பார்வையாளரை விடுதிக்குள் வரக்கூடாது என்று தடுக்கத் தலைவிக்கு அதிகாரம் உண்டு. அப்படியே முடிவானது. நடவடிக்கை எடுத்தாகிவிட்டது என்று வெளியே சொல்ல முடிந்தது. பெண்ணுக்கு அறை தப்பியது. எங்கள் எல்லாருக்கும் பாரம் இறங்கியது. நான் அந்த அம்மாவை வெளியே கூட்டிவந்தேன். மகளின் துணிகளை இன்னும் அடுக்கவில்லை, மெத்தை விரிப்புக்கூடப் போடவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். மகளின் அறைக்கு ஏறும் படிக்கட்டுப் பக்கம் வந்ததும் தானாகவே நின்றார். பிறகு திரும்பி வெளிவாசலைப் பார்த்து நடந்தார். காவலர் குடிசைக்குப் பக்கத்தில் ஒரு மரம் உண்டு. அங்கே போய் நின்று, மாலை பஸ்ஸுக்கு நேரமாகும் வரை, மகள் மேலும் கீழும் ஓடிச் சாமான் எடுத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அவர் வராமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில், மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ முறை, ஆயர் தாவாரிலிருந்து பஸ் பிடித்து வருவார். அடுக்குச் சட்டியில் ஆட்டுக் கறியோ நெத்திலிச் சம்பலோ இருக்கும். மகள் இறங்கி வருவாள். இரண்டு பேரும் மரத்தடியில் நின்றபடியே பேசுவார்கள். மழை வந்தால் காவலுக்கு இருக்கும் ஜாகா தன் குடிசைக்குள் கூப்பிடுவார். அதற்கும் உள்ளே போக மாட்டார். குடையை விரித்து மகளுக்குப் பிடிப்பார். நான் ஞாயிறு வேலைக்கு வரும்போது பார்ப்பேன். முதலில் கை கூப்புவார், பிறகு சிரிப்பார், பிறகு எனக்கும் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்.

முதல் தவணை முடிந்ததும் நான் புவானிடம் போய்ப் பேசினேன். அவரும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். தடை நீக்கப்பட்டது என்று ஒரு கடிதம் போட்டுக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு அதை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு ஓடினேன். என் சந்தோஷத்துக்கு அளவில்லை. ஏதோ நானே அவருக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. இனி நீங்கள் மேலே போகலாம், அறையில் உட்கார்ந்து பேசலாம் என்றேன்.

அவர் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தார்.

"வேணாம் மேடம். வரமாட்டேன்னு சொல்லிட்டேன். நான் உள்ள போயி, யாராச்சும் பாத்து, அவளுக்கு எதுனா ஆயிருச்சின்னா? தோட்டத்துலயும் கடுதாசிலதான் இருங்கன்னாங்க. கடுதாசிலதான் போங்கன்னாங்க."

நான் வாதாடிப் பார்த்தேன். அதட்டிக்கூடப் பார்த்தேன். என் அதட்டலுக்கு மாணவர்கள் பயப்படுவார்கள், அவர் பயப்படவில்லை. அவர் பயந்தது வேறொன்றுக்கு, அதன் முன்னால் என் கடிதம் எம்மாத்திரம்? எனக்கு அழுகையாக வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபமும் வந்தது. மகளும் எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்தாள். உன் படிப்பு முடியட்டும் என்பதுதான் எப்போதும் பதில்.

டி பிளாக் நன்றாக நின்றது. ஒழுகவில்லை. தாமானில் பலகைத் தடுப்புகள் சில கழன்றன. வாகன நிறுத்துமிடத்தில் பனித்த கண்ணாடிகளை நான் பிறகு பார்க்கவில்லை. வேறு ஊர்ப் பல்கலைக்கழகங்களிலிருந்து எங்கள் வேலையைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள், தஞ்சோங் மாலிமிலிருந்துகூட. அவர்களை மாடி மாடியாகக் கூட்டிப்போய்க் காட்டுவேன். இரண்டாம் மாடிக் கோணல் அறையின் முன்னால் வந்ததும், இது முன்பு சமையற்கூடம், இடத்தை வீணாக்காமல் அறையாக்கினோம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

அந்தப் பெண் போன வருஷம் படிப்பை முடித்தாள். நல்ல தேர்ச்சி. ஈப்போவிலேயே ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலையும் கிடைத்தது. அறையைக் காலி செய்த நாளில் நானும் போயிருந்தேன். அம்மா வந்திருந்தார், மரத்தடியில். படிப்புதான் முடிந்துவிட்டதே, இன்றைக்காவது மேலே வந்து பாருங்கள் என்று நான் கூப்பிட்டேன். அவர் கட்டடத்தை நிமிர்ந்து பார்த்தார். ஒரு கால் முன்னால் கூட வந்தது. பிறகு, சான்றிதழ் இன்னும் கைக்கு வரலியே மேடம் என்று சொல்லி நின்றுவிட்டார். நானும் அந்தப் பெண்ணும் அவள் தோழியும் சேர்ந்து பெட்டிகளை இறக்கினோம். அந்தப் பெண் கடைசியாகக் கதவிலிருந்து தன் பெயர் அட்டையை உரித்து எடுத்துக்கொண்டு வந்து அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

வாடகைக் கார் வந்தது. சாமான்களை ஏற்றியாயிற்று. அம்மா ஏறப் போனவர் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த அறைக்கு அடுத்து வேறு பிள்ளை வருமா என்று கேட்டார். அடுத்த வாரமே வருகிறாள், அவளும் தோட்டப் பக்கத்துப் பெண்தான் என்றேன்.

"அப்ப அவங்க அம்மாகிட்ட மொதல்லயே சொல்லிருங்க மேடம், உள்ள அடுப்பு பத்த வெக்கக் கூடாதுன்னு. சொல்லாம விட்டுறாதீங்க. அவங்களாவது மேல போயி, புள்ளகூட கொஞ்ச நேரம் உக்காந்து பேசிட்டு வரட்டும்" என்றார்.

சொல்கிறேன் என்றேன். கார் போன பிறகும் நான் அந்த மரத்தடியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.